என் கல் விருந்துக்கு எனக்கே அழைப்பு

புவர்ட்டோ லா குரூஸ், வெனிசுவேலா
12 ஜனவரி 1994

பொறுப்பாளர் அவர்களுக்கு,
சுற்றுலாத் தகவல் நிலையம், ஹில்ஸ்பரோ, கரியாக்கூ தீவு, கிரெனடா

மதிப்பிற்குரியவருக்கு,

நான் இந்தத் துறைமுகத்தில் படகு எந்திரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வரும் ஏப்ரலில் பத்து நாள் உங்கள் தீவுக்கு வந்துபோக எண்ணம். தனியாகத்தான் வருவேன். கீழ்க்கண்ட விவரங்களைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செயின்ட் ஜார்ஜஸிலிருந்து கப்பல் இன்னும் புதனும் சனியும்தானா? வெனிசுவேலாப் பணத்தை அங்கே மாற்ற முடியுமா? ஹில்ஸ்பரோவில் தங்க விருப்பமில்லை. லெஸ்டேர் கிராமத்தில் வெளியாளுக்கு அறை கிடைக்குமா? அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு யாரையும் கேட்காமல் போய்வரலாமா? சின்ன ஊர்களில் வருகிறவனை நிறுத்தி யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது பிடிக்காது.

இப்படிக்கு,
டொமிங்கோ ரிவாஸ்


ஹில்ஸ்பரோ
27 ஜனவரி 1994

அன்புள்ள திரு. ரிவாஸ்,

வணக்கம். இந்த வணக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் தீவில் காலை வணக்கம் சொல்லாமல் வழி கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். போன வாரம் ஓர் அமெரிக்கர் வந்த வேகத்தில் "பேருந்து எங்கே?" என்றார். நானும் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாவம், கடைசியில் அவருக்கே உறைத்தது.

கப்பல் புதனும் சனியும் காலை பத்து மணிக்கு. பத்து மணி என்றால் சரக்கு ஏறி முடிந்த பிறகு. ஒன்பதுக்கே வந்து நிழலில் இடம் பிடியுங்கள். கிரெனடாவின் வடமுனையைத் தாண்டியதும் கடல் ஆட்டிப் படைக்கும். வயிற்றில் இஞ்சி பிஸ்கட்டைத் தவிர எதுவும் இருக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பணம் இங்கே செல்லாது, அமெரிக்க டாலராக மாற்றிக்கொண்டு வாருங்கள். பட்டாளத்துப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை வேண்டாம், சுங்கத்தில் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிப் பழம் கிடக்கும். தொடாதீர்கள், விஷம். மழை பெய்தால் அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது, சொட்டும் நீர் பட்டாலே தோல் வெந்துவிடும். இங்கே ஆறு கிடையாது. மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறோம், ஆகவே குளியல் ஒரு வாளியோடு சரி.

லெஸ்டேரில் அறை இருக்கிறது. என் வீட்டிலேயே இருக்கிறது, நான் அந்த ஊர்க்காரிதான். ஆனால் ஏப்ரல் 24 வரை அதைத் தர முடியாது. கட்டில் மேல் கல் படுத்திருக்கிறது. சிரிக்காதீர்கள். எங்களிடம் ஒருவரைப் புதைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. வருஷங்கள் கழித்து, செத்தவரே வீட்டார் யாருடைய கனவிலாவது வந்து கேட்ட பிறகு, அவர் பெயர் வெட்டிய கல்லறைக் கல் செய்வோம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணி சுற்றி அவருடைய கட்டிலிலேயே கிடத்துவோம். பிறகு பெரிய முரசு, ஆட்டம், சோளக்களி, ஆட்டுக்கறி. முன்னோர்களுக்கென்று மேசையில் எடுத்துவைத்த தட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. காலையில் கல்லைத் தோளில் தூக்கிப்போய் நட்டு, ரம்மும் தண்ணீரும் ஊற்றுவோம். அன்றோடு அவருக்குச் சொந்த வீடு கிடைத்த மாதிரி.

இந்தக் கல் என் அண்ணன் லிண்டனுக்கு. பத்தொன்பது வருஷம் முன்னால் கடலில் போனான். ஏப்ரல் 24 ஞாயிறு அவனுடைய கல் விருந்து. நீங்கள் அந்த மாதமே வருவதால் அவசியம் வாருங்கள். அழைப்பெல்லாம் வேண்டாம், கல் விருந்துக்கு வழிப்போக்கன் வந்தாலும் தட்டு உண்டு. அன்றைக்கு உங்களை யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் குடித்திருப்பார்கள்.

உங்கள்,
வெர்லின் குவாஷி


புவர்ட்டோ லா குரூஸ்
11 பிப்ரவரி 1994

வெர்லின்,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

உன் கையெழுத்தின் கீழே உன் பெயரைப் பார்த்ததும் என் கடையின் கதவைச் சாத்தினேன். தகவல் நிலையத்தில் யாரோ ஒரு குமாஸ்தா இருப்பான், அவனிடம் கப்பல் நேரம் கேட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வந்து போய்விடலாம் என்றுதான் எழுதினேன். நீ இருப்பாய் என்று சத்தியமாகத் தெரியாது.

உனக்கு ஆறு வயதில் அடுப்பிலிருந்த களிப் பானையைக் கவிழ்த்துவிட்டாய். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். நான்தான் கவிழ்த்தேன் என்று சொல்லி அடி வாங்கினேன். நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்காக அழுதாய். இதை நீயும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய், நானும் சொன்னதில்லை.

நான் லிண்டன். சாகவில்லை. ரிவாஸ் என்பது இங்கே வந்து வைத்துக்கொண்ட பெயர்.

ஒருவன் தன்னுடைய கல் விருந்துக்குத் தன் தங்கை கையாலேயே அழைப்பு வாங்குவது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. சோளக்களி, ஆட்டுக்கறி என்று ஆசையாக வேறு எழுதியிருக்கிறாய். என் கட்டிலில் கல் படுத்திருக்கிறதாமே. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்? என்னைப் பற்றி யாரிடமும் சொல்லாதே.

லிண்டன்


லெஸ்டேர்
24 பிப்ரவரி 1994

லிண்டன்,

அன்புள்ள என்று எழுத கை வரவில்லை.

உன் கடிதத்தை அலுவலக மேசையிலேயே பிரித்தேன். எதிரில் இரண்டு ஜெர்மன்காரர்கள் நின்று விண்ட்வர்ட் போகும் பேருந்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை மணிக்கு என்றார்கள். "சாகலியாம்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. சாவி என் கையில் இருந்தது, வீட்டில் இருந்தேன், கட்டிலின் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

களிப் பானை விஷயம் மட்டும் இல்லையென்றால் இது எவனோ விளையாடுகிறான் என்று கிழித்துப் போட்டிருப்பேன். அடப்பாவி! பத்தொன்பது வருஷம்! ஒரு வரி எழுத உனக்கு விரல் இல்லையா? அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாய், நேற்றுத்தான் கடைக்குப் போய்வந்தவன் மாதிரி. அம்மா செத்து ஆறு வருஷமாகிறது. உன் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்தாள். அப்படியே புதைத்தோம்.

அதைத்தான் கேட்கிறேன். அம்மா யார் பக்கத்தில் படுத்திருக்கிறாள்?

நீயும் உன் கூட்டாளி கான்ராடும் படகில் கிளம்பிய ஒன்பதாம் நாள் கிழக்குக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் என்று எதுவும் மிச்சமில்லை. உடம்பில் உன் சட்டை இருந்தது, மாவுச் சாக்கில் அம்மா தைத்தது, முதுகில் மாவு ஆலையின் எழுத்து அரைகுறையாகத் தெரியும். அந்த எழுத்தைப் பார்த்து "எங்க அண்ணன்தான்" என்று போலீஸ்காரரிடம் சொன்னவள் நான். எனக்கு அப்போது இருபது வயது.

படகில் இருந்தது இரண்டே பேர், நீயும் கான்ராடும். சரக்கையும் படகையும் எடுத்துக்கொண்டு உன்னைக் கடலில் தள்ளிவிட்டு கான்ராட் ஓடிப்போனான் என்றுதான் ஊர் முழுக்கச் சொல்கிறது. நாங்களும் அதையேதான் சொன்னோம்.

நான் நினைப்பது சரியில்லை என்று எழுது. உடனே எழுது.

வெர்லின்


புவர்ட்டோ லா குரூஸ்
8 மார்ச் 1994

வெர்லின்,

நீ நினைப்பது சரிதான். அது கான்ராட்.

செயின்ட் பார்ட்ஸ் தீவிலிருந்து விஸ்கி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கான்ராடுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். "கடலு சரியில்லடா, ரெண்டு நாள் கழிச்சுப் போலாம்" என்றான். நான் சும்மா விடவில்லை. அங்கே சாராயக்கடையில் எல்லோர் முன்னாலும் "பொண்டாட்டி ஞாபகம் வந்துடுச்சா? போ, போயி அவ பாவாடையப் புடிச்சுக்கிட்டுக் கெட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் போய்ப் படகில் ஏறினான்.

வழியில் ஒரே அலை. படகு கவிழ்ந்தது. அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கிடந்தோம். அவன் சட்டை கிழிந்து போய்விட்டது, காய்ச்சல் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. என் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். வெர்லின், நான் அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுதான் இவ்வளவுக்கும் காரணமாகிவிட்டது. இரண்டாம் நாள் காலை நான் திரும்பிப் பார்த்தபோது அவன் பிடித்திருந்த இடம் காலியாக இருந்தது.

எண்ணெய்க் கப்பல் ஒன்று என்னைத் தூக்கி இங்கே இறக்கியது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. ஊருக்கு எழுதத்தான் இருந்தேன். அவன் மனைவி ஃபீமியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? வராதே என்ற மனுஷனை நான்தான் கேலி பேசிக் கூட்டிப்போனேன் என்றா? நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று ஒரு வருஷம் போனது.

அப்போது யூனியன் தீவு மாலுமி ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தான். என்னைத் தெரியாது அவனுக்கு. "லெஸ்டேர்ல லிண்டன் குவாஷின்னு ஒருத்தன், நல்ல மனுஷன், அவன அந்த கான்ராட் நாயி கொன்னுட்டு ஓடிட்டான். பொண்டாட்டி வீட்டு மேல கல்லெறியறாங்க" என்றான். அவனுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் வெர்லின். அன்றிலிருந்தே தெரியும்.

லிண்டன்


லெஸ்டேர்
19 மார்ச் 1994

லிண்டன்,

செத்தவன் எழுந்து வந்ததுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஃபீமிக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள். உன் பெட்டியை (உன் பெட்டி என்றே வருகிறது பார்) கல்லறைக்கு எடுத்துப் போனபோது அவள் ஓடிவந்து மறித்தாள். "ஒரே ஒரு தடவ தொறந்து காட்டுங்க, காலப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று கெஞ்சினாள். அம்மா அவள் முகத்திலேயே துப்பினாள். "ஒம் புருஷன் எங்க ஓடுனான்னு மொதல்ல சொல்லுடி, அப்புறம் தொறக்கறேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த வருஷம் கார்னிவலில் அவள் புருஷன் பேரில் பாட்டுக் கட்டி அவள் வீட்டு வாசலிலேயே நின்று ஆடினார்கள். மழைக்காக ஊர் கூடிச் சமைக்கும்போது அவள் பானையை யாரும் அடுப்பில் ஏற்றவிடவில்லை. போகிள்ஸ் ஊர்த் தையல்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள வந்தார். நல்ல மனுஷன். பாதிரியார், புருஷன் உயிரோடு இருக்கும்போது எப்படி என்று கேட்டு மறுத்துவிட்டார். தையல்காரர் நான்கு வருஷம் காத்திருந்தார். பிறகு நியூயார்க் போய்விட்டார்.

கேட்கிறாயா? விதவையை விதவையாகக்கூட இருக்க விடவில்லை. நான் ஒருத்தியாவது அவளுக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. தெருவில் அவள் வந்தால் ஆட்டைப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன்.

கனவு கண்டதும் நான்தான். போன ஆகஸ்டில். நனைந்த சாக்குச் சட்டையோடு ஒருவர் நம் வாசலில் முதுகு காட்டி நின்று, எனக்கு வீடு இல்லை என்றார். சட்டையைப் பார்த்து நீ என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து பார்த்தால் நீயும் கான்ராடும் ஒரே மாதிரி இருப்பீர்கள் என்பது ஊருக்கே தெரியும். முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லையே நான்!

இப்போது உனக்குத் தகவல் தருகிறேன், அதுதானே என் வேலை. ஏப்ரல் 20 புதன் கப்பலில் ஏறு. நான் துறையில் நிற்பேன். நேரே ஃபீமி வீட்டுக்குப் போகிறோம். நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால், கல் விருந்துக்கு முன்னால் குவாஷி வீட்டுக்காரிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். 24ஆம் தேதிக்குள் நீ வராவிட்டால் அந்தக் கல் உன் பெயரோடு கான்ராட் தலைமேல் ஏறும். பிறகு எந்தக் காலத்திலும் அது இறங்காது.

வெர்லின்


புவர்ட்டோ லா குரூஸ்
31 மார்ச் 1994

வெர்லின்,

வர முடியாது. கோபப்படாமல் படி.

என் மனைவி மரிசோலுக்கு நான் ரிவாஸ். மூன்று பிள்ளைகளும் ரிவாஸ். கரைக்கு வந்து, அம்மாவின் சமாதி என்று ஒன்று இருந்தால் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல்தான் கல்லறைக்கு வழி கேட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். கல்லை நட்டுவிடு. நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கான்ராடுக்கு இனி எந்தப் பெயராய் இருந்தால் என்ன? ஃபீமியும் இத்தனை வருஷத்தில் பழகியிருப்பாள். ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? உனக்கும் வேலை இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது. அதையும் நினைத்துப் பார்.

என் கடிதங்களை எரித்துவிடு.

லிண்டன்


லெஸ்டேர்
15 ஏப்ரல் 1994

லிண்டன்,

தபாலில் போட்டால் உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது. உங்கள் துறைமுகத்துக்குச் சரக்கு எடுத்துப்போகும் பாய்மரக் கப்பல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதங்களை எரிக்கவில்லை. மார்ச் 8ஆம் தேதிக் கடிதத்தை ஃபீமி கையில் கொடுத்துவிட்டேன். ஆறின புண் என்று எழுதிய கடிதத்தையும்.

திங்கட்கிழமை மத்தியானம் போனேன். அவள் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். "வணக்கம் அக்கா" என்றேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "யாரு செத்துட்டா?" என்றாள். இந்தத் தெருவில் நான் அவளிடம் பேசினால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியாதாம். நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றாள். படித்தேன். சாராயக்கடையில் நீ பேசியதையும் விடாமல் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவள் "சத்தமா" என்றாள்.

படித்து முடித்தேன். அடிப்பாள், துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு அந்தச் சமாதியில மெழுகுவர்த்தி ஏத்துவீங்களே, எல்லா வருஷமும் ஏத்துனீங்களா?"

"ஏத்துனோம் அக்கா."

"ஒரு வருஷம்கூட விடலியே?"

"விடல. புயல் வந்த வருஷங்கூட கண்ணாடிக் கூண்டு வெச்சு ஏத்துனேன்."

"அப்போ அவரு இருட்டுல கெடக்கல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அந்தத் துவரைத் தோலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கம்பக்கத்தார் வேலிமேல் தலையை நீட்டினார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, ஓடிப்போனது கான்ராட் இல்லை, என் அண்ணன் என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் விண்ட்வர்ட் வரைக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு இப்போது தெருவில் பாதிப் பேர் வணக்கம் சொல்வதில்லை. சொல்லாமலே இருக்கட்டும்.

கொத்தனார் வீட்டுக்கு வந்து கல்லைப் பார்த்தார். "மறுபக்கம் சும்மாதானே இருக்கு, அங்க கான்ராட் பேர வெட்டித் தரேன். இந்தப் பேரு பின்னால போயிடும், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஃபீமி, "வேணாம். அவரு முதுகுல அந்தப் பேரு வேணாம், கொத்தி எடுத்துடு" என்றாள். அரை நாள் கொத்தினார். நான் சில்லுகளைக் கூட்டி அள்ளினேன்.

கல் இப்போது ஃபீமி வீட்டுக் கட்டிலில் இருக்கிறது. விருந்து அதே 24ஆம் தேதிதான். ஊரார் பானை எல்லாம் அவள் முற்றத்துக்கு வந்து சேருகின்றன. இத்தனை நாள் அவள் பானையைத் தள்ளிவைத்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

கல்லைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேரை ஃபீமியே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். தலைப்பக்கம் வலது மூலைக்கு நான்கைந்து பேர் வந்து கேட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது யாருக்கு என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணனுக்கு எழுதிப் போடு. படகுல அவரு பக்கத்துல இருந்தவன்தான் அங்க நிக்கணும்" என்றாள்.

வரமாட்டான் அக்கா, எழுதிவிட்டான் என்று சொன்னேன்.

"வரலேன்னா போவுது. அந்த மூலைய நானே புடிச்சுக்கறேன். பத்தொன்பது வருஷமா நான்தானே தூக்கிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

வெர்லின்